முத்துத்தாய் சொல்லி முடிக்கவில்லை

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை பஸ்ஸில் பாதி கேட்டது. மீதியைக் கேட்காமல் இறங்கிப்போன பாவி நான்தான்.

2

தொடக்கம்: ‘சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் அந்தி மெல்ல—’

[சீ! அவளுக்கு வேலை போகப்போகிறது, எனக்கு அந்தி கேட்கிறதாக்கும்.]

மறுபடி: முத்துத்தாய்க்குச் சங்கரன்கோவிலில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை. வலைத்தளத்தை ஊருக்குத் திறந்துவிடுமுன் ஓர் ஒத்திகை சர்வரை ஓட்டிச் சோதித்து, நிறுத்த வேண்டும். உள்ளே பல த்ரெட்டுகள், ஆளுக்கொரு வேலையாக ஒரே நேரத்தில் ஓடும். நிறுத்து என்றதும் சர்வர் கதவைச் சாத்தும். உள்ளே ஒரு த்ரெட் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். இருபது தடவையில் பத்தொன்பது தடவை பதில் முந்திவிடும். ஒரு தடவை கதவு முந்தும்; சோதனை தோற்று விழும்.

சாத்துமுன் இரண்டு விநாடி காத்திரு என்று எழுதினாள். அவள் கணினியில் ஓடியது. மேலாளர் ஸ்ரீராம்குமாரின் கணினியில், எல்லாரும் பார்க்க, விழுந்தது. நாளைக்குப் பத்து மணிக்கும் விழுந்தால் வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்.

[அவரை வில்லனாக்கப் பார்த்தேன். அவர்மேல் யார் கத்தினார்களோ. விட்டுவிட்டேன்.]

3

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள்.

“செகண்டை எண்ணிட்டு இருக்கப்படாதுக்கா. ‘முடிச்சிட்டேன்’னு ஒவ்வொரு த்ரெட்டும் வந்து சொல்லுத வரைக்கும் நிக்கணும். அப்படியும் எழுதிப் பாத்துட்டேன். ஒண்ணு மட்டும் வந்து சொல்லவே மாட்டேங்கு. சர்வர் நிக்காம அப்படியே கிடக்கு.”

“வேற வேலை பாத்துக்கிடலாம்லா, மக்கா?”

“இந்த வேலையைச் சொல்லித்தான் ரெண்டு வருசமா கல்யாணத்தைத் தள்ளிட்டு வாரேன். போச்சுன்னா வீட்டுல தை மாசமே பேசி முடிச்சிருவாவ. நாளைக்கு விழுந்துச்சுன்னா நான்…”

கரிவலம்வந்தநல்லூர் வந்துவிட்டது. “இறங்குதவங்க இறங்குங்க!” என்று கண்டக்டர் கத்தினார். நான் இரண்டு விநாடி நின்றேன். ஆமாம், அதே இரண்டு விநாடி. வீட்டில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது. இறங்கிவிட்டேன்.

4

முடிவு, ஒன்று: காலையில் கோளாறு பிடிபடுகிறது, அவள்— [எனக்கே புரியாத கோளாறை எப்படித் தீர்த்துக்கொடுப்பேன்?]

இன்னொன்று: தை மாதம், பந்தல், மணமேடையில் அவள்— [கை வரவில்லை.]

மற்றொன்றும் உண்டு. அதற்கு முதல் வரிகூட எழுதாமல் தாளைக் கிழித்துவிட்டேன்.

மூன்று வாரமாக அதே பஸ்ஸில் ஏறுகிறேன். அவளைக் காணோம். கம்பெனியில் போய்க் கேட்கலாம். பதிலுக்குப் பயந்து போகவில்லை. பத்திரிகையிலிருந்து, கதையை முடித்துக்கொடுங்கள் என்று இரண்டு தடவை போன் வந்துவிட்டது.

நீங்கள் கரிவலத்தைத் தாண்டிப் போகிறவர் என்றால், என் சீட்டில் உட்காருங்கள். “நாளைக்கு விழுந்துச்சுன்னா நான்” என்கிறாள். விநாடியை எண்ணாமல் உட்காருங்கள்.