இருபது தடவை

ஒன்பது பத்துக்கு வீட்டிலிருந்து பைக்கை எடுத்தேன். பத்து பத்துக்குள் வடசேரியில் இருக்க வேண்டும். கருங்கலிலிருந்து வடசேரிக்கு ஒரு மணி நேரம் தாராளம் என்று சொல்கிறவன் எங்கள் ஊர் ரோட்டில் வண்டி ஓட்டாதவன். அதுவும் பனியனுக்குள், வயிற்றோடு ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவைச் செருகிக்கொண்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். டப்பாவுக்குள் இருந்தது என் விந்து. இதைச் சொல்ல எனக்கு இப்போது கூச்சமில்லை. அன்றைக்குக் கூச்சம் இருந்ததால்தான் அந்த ஓட்டமே.

எடுத்த ஒரு மணி நேரத்துக்குள், உடம்புச் சூடு ஆறாமல் கொண்டு வர வேண்டும் என்று லேபில் சொல்லியிருந்தார்கள். லேப் கருங்கலிலும் இருக்கிறது. மிக்சி, கிரைண்டர் பழுதுபார்க்கும் என் கடைக்கு நாலு கடை தள்ளித்தான். ஆனால் அங்கே ரத்தம் எடுக்கிறவள் என் மனைவி சுஜியின் சித்தி மகள். அவளிடம் கொடுத்தால் மத்தியானத்துக்குள் சந்தையில் மீன் விற்கிறவர்களுக்குக்கூட ரிசல்ட் தெரிந்துவிடும். அதற்கு இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடுவதே மேல்.

அந்த ஓட்டத்துக்கு ஒன்றரை வருஷம் முன் எங்கள் சின்ன மகள் பிறந்தாள். பிறந்த நாலாம் நாள் சுஜிக்கு மூச்சு முட்டியது. படுக்க முடியவில்லை, கால் இரண்டும் வீங்கிவிட்டன. இதயம் வீங்கிப் பலம் குறைந்துவிட்டது, இன்னொரு பிரசவத்தை அது தாங்காது என்று டாக்டர் சொன்னார். மயக்க மருந்து கொடுத்து அவளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு செய்யவும் தயங்கினார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுடைய அண்ணன் ஷாஜன் என் சட்டைக் காலரைப் பிடித்தான். "இனி எனக்க தங்கச்சிக்கு ஒரு பிள்ளை உண்டாச்சுன்னா ஒன்ன உசிரோட விடமாட்டேம்லே," என்றான். அதற்குப் பிறகு அவன் என்னோடு நேரில் பேசியதில்லை. எதுவானாலும் சுஜி வழியாகத்தான்.

சுஜி பிழைத்து வந்தாள். மாத்திரையோடு வீட்டு வேலையும் செய்தாள். ஆனால் ராத்திரி என் கை அவள் தோளில் பட்டால் அவள் மூச்சு ஒரு கணம் நின்று போகும். வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். உறை போடுகிறேன் என்றால் நம்பமாட்டாள். எப்படி நம்புவாள்? சின்னவளே உறையை ஏமாற்றிவிட்டு வந்தவள்தானே.

"நிங்க தொடும்போ எனக்கு அந்த ஆஸ்பத்திரி லைட்டுதான் ஓர்மை வருது," என்று ஒருநாள் சொன்னாள்.

பயந்து கிடக்கிற பெண்ணோடு படுக்கிறதில் என்ன சுகம்? எனக்கு அது ஆகாது. மறுநாளே போய் டாக்டரைக் கேட்டேன். "நீங்க பண்ணிக்கலாமே," என்றார். எங்கள் பக்கத்தில் ஆட்டுக்கு, மாட்டுக்கு, பெண்டாட்டிக்கு என்று எல்லாருக்கும் ஆபரேஷன் உண்டு. ஆண்பிள்ளைக்கு மட்டும் கிடையாது.

அவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். விதைப்பையின் தோலில் ஊசி போட்டு மரக்கச் செய்து, சின்னதாக ஒரு துளை. உள்ளே இரண்டு பக்கமும் நூல் போல ஒரு குழாய். உயிரணு அதன் வழியாகத்தான் மேலே போகும். அதை வெட்டிக் கட்டிவிடுவது, அவ்வளவுதான். பத்து நிமிஷ வேலை. விதை அங்கேயே இருக்கும், அது சுரப்பது ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். விறைப்பும் ஆசையும் சுகமும் முன்னைப் போலவே. வெளியே வருகிற நீரில்கூட முக்கால்வாசிக்கு மேல் வேறு சுரப்பிகளிலிருந்து வருவதுதான். அதனால் பார்க்க வித்தியாசம் தெரியாது. "இன்னைக்கே பலன் கெடையாது," என்றும் சொன்னார். "மேல ஏற்கெனவே தங்கியிருக்கிறது வெளியே போகணும். மூணு மாசம், குறைஞ்சது இருபது தடவை. அப்புறம் டெஸ்ட். ஒண்ணுமே இல்லன்னு ரிப்போர்ட் வர்ற வரைக்கும் பாதுகாப்பு வேணும்."

செய்துகொண்டேன். வீட்டில் அம்மா செல்லத்தாயிடம் மூலத்துக்கு ஆபரேஷன் என்று சொன்னேன். அது நான் செய்த பெரிய முட்டாள்தனம். மூலத்துக்குச் சேனைக்கிழங்கு நல்லது என்று யார் சொன்னார்களோ, அன்றிலிருந்து சேனை மசியல், சேனைக் கறி, சேனை வறுவல். சொந்தக்காரர்கள் பார்க்க வந்தால் ஆப்பிள் இல்லை, ஆரஞ்சு இல்லை. ஆளுக்கொரு சேனை.

சுஜிக்கு மட்டும் உண்மை தெரியும். இருபது என்றதும் அவள் முகம் வாடியது. ஒரு வாரம் யோசித்தாள். பிறகு ஒருநாள், துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"வெளிய போகணும்னுதானே டாக்டரு சொன்னாரு?"

"ஆமா."

"எப்பிடிப் போகணும்னு சொன்னாரா?"

எனக்குப் புரிய அரை நிமிஷம் ஆனது. உள்ளே வேண்டாம், ரிப்போர்ட் வந்த பிறகு பார்க்கலாம், அதுவரைக்கும் வேறு வழி என்று அவளே ஒப்பந்தம் போட்டாள். முதல் சில தடவை ஒன்றும் தெரியாத இரண்டு பிள்ளைகள் போலத்தான் விழித்தோம். கல்யாணமான ஒன்பது வருஷமும் நான் ஒரே வழியில் போய் ஒரே வேகத்தில் திரும்பி வந்தவன். கர்ப்பத்துக்கு இடமே இல்லை என்று தெரிந்ததும் அவள் கைகளுக்குத் தைரியம் வந்தது. எங்கே தொட்டால் எப்படி இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுத் தொட்டாள். ஆணுறுப்பின் முனைக்குக் கீழே, அடிப்பக்கம், ஒரு மெல்லிய மடிப்பு இருக்கிறது. முப்பத்தாறு வருஷமாக என் உடம்போடு இருந்தும் எனக்குத் தெரியாத இடம், அவள் கண்டுபிடித்தது. உனக்கு எப்படி வேண்டும் என்று நானும் கேட்டேன். கேட்க எனக்கு வெட்கம். பதில் சொல்ல அவளுக்கு ஒரு வாரம் ஆனது. சொன்ன பிறகுதான் தெரிந்தது, ஒன்பது வருஷமாக நான் அவசரப்பட்டு அவளைப் பாதி வழியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

ஒவ்வொரு தடவைக்கும் அடுப்பங்கரைக் காலண்டரில் அவள் ஒரு புள்ளி வைத்தாள். நான் மூல மருந்து சாப்பிட்ட நாள் என்று அம்மா நினைத்துக்கொண்டாள். ஒரு வாரத்தில் மூன்று புள்ளி கண்டபோது, "இப்பதான் ஒழுங்கா மருந்து எடுக்கான்," என்று சந்தோஷப்பட்டாள்.

இருபது முடிந்து, மூன்று மாதமும் ஆனது. முந்தின வாரம் வடசேரி லேபுக்குப் போய் அங்கேயே எடுத்துக் கொடுக்கப் பார்த்தேன். பாத்ரூமுக்கு வெளியே டோக்கன் நம்பர் கூப்பிடுகிறார்கள், ஒரு குழந்தை அழுகிறது, யாரோ கதவைத் தட்டுகிறார்கள். முக்கால் மணி நேரம் நின்றும் ஒன்றும் நடக்கவில்லை. அது சுவிட்சு போட்டால் ஓடுகிற மிக்சி இல்லையே. பயமும் அவசரமும் இருக்கிற இடத்தில் அது தலை தூக்காது. அதனால்தான் அன்றைக்கு வீட்டில், சுஜி கதவைத் தாழ் போட்டு, உதவி செய்து, டப்பாவை மூடி என் கையில் கொடுத்தாள். "ஒண்ணும் இல்லன்னு வந்தா உடனே விளிச்சுச் சொல்லணும்," என்றாள். அந்த ரிப்போர்ட்டுக்காக அவள் எப்படிக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அதனால் எனக்கு வழி நெடுக ஒரே வெப்ராளம், பதற்றம்.

திங்கள்நகர் தாண்டும்போது ஒருவன் ரோட்டுக்கு நடுவே வந்து கையை நீட்டினான். ஷாஜன்! பஸ்ஸை விட்டுவிட்டான் போல. பேசாதவன், அவசரத்துக்குப் பேசினான்.

"வடசேரிக்கா? நானும் வாறேன்." பதிலுக்குக் காத்திராமல் பின்னால் ஏறி உட்கார்ந்தான்.

நான் முறுக்கினேன். இரணியல், தோட்டியோடு என்று ஊர்கள் பின்னால் போயின. குழியில் வண்டி துள்ளியது.

"பைய போடே. மூலக்காரன் இப்பிடியா பறப்பான்?"

அடுத்த குழியில் விழுந்தபோது, பிடிமானத்துக்கு அவன் இரண்டு கையாலும் என் வயிற்றைக் கட்டினான். கட்டிய கை டப்பாவில் பட்டது.

"என்னடே இது, வயித்துல?"

"மருந்து."

"மூலத்துக்கு வயித்துலயா மருந்து கெட்டுவாவ?"

சுங்கான்கடையில் ஒரு லாரி குறுக்கே நின்றிருந்தது. முன்னாலும் பின்னாலும் வண்டி. மணி ஒன்பது நாற்பத்தெட்டு. ஷாஜன் விடவில்லை. "எதையோ மறைக்க. எனக்க தங்கச்சிக்கு என்னமாம் ஆச்சா? சொல்லுலே!" என்று தோளைப் பிடித்து உலுக்கினான். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியாச்சு. டப்பாக்குள்ள இருக்கது டெஸ்டுக்கு. பத்து பத்துக்குள்ள கொண்டு குடுக்கணும். போருமா?" கத்தியே சொன்னேன். பக்கத்து ஆட்டோவில் இருந்த இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

ஷாஜன் என் காதருகே குனிந்தான். "அப்ப... மத்தது? ஆம்பிளைக்க காரியம்?"

"எல்லாம் பழையபடிதான் இருக்கு. எழும்பும், ஆசை வரும், சொகம் உண்டு, நீரும் வரும். அதுல பிள்ளை உண்டாக்குற அணு மட்டும் இருக்காது. வெட்டுனது ஒரு குழாய், ஆம்பிளைத்தனத்த இல்ல. இதையும் விளக்கணுமா ஒனக்கு, ரோட்டுல நின்னு?"

"சுஜிக்காகவா பண்ணுன?"

"பின்ன ஒனக்காகவா?"

அவன் பைக்கிலிருந்து இறங்கினான். கோபித்துக்கொண்டு போகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் முன்னால் ஓடினான். "ஆஸ்பத்திரி கேஸு! மாறுங்க, மாறுங்க! டே, அந்த வண்டியக் கொஞ்சம் பொறகால எடு!" என்று இரண்டு கையையும் வீசிக்கொண்டு, லாரிக்கும் மதிலுக்கும் இடையே எனக்கு வழி உண்டாக்கினான். டீக்கடையிலிருந்து நாலு பேர் உதவிக்கு வந்தார்கள். ஒருவர் என் வயிற்றைக் காட்டி, "உறுப்பு கொண்டு போறாவளா? இதயமா?" என்று கேட்டார்.

"எனக்க தங்கச்சிக்க உசிரு," என்றான் ஷாஜன். அதைக் கேட்டதும் ஒன்றரை வருஷமாக அவன் மேல் எனக்கிருந்த கோபம் எல்லாம் போய்விட்டது.

அவனை மறுபடி ஏற்றிக்கொண்டு பார்வதிபுரம் பாலத்தில் பறந்தேன். பத்து ஏழுக்கு லேபில் டப்பாவை வைத்தேன். உள்ளே இருந்த பெண் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஆபரேஷனுக்கு அப்புறம் பாக்கிற டெஸ்டா? இதுக்கு இவ்வளவு ஓடி வரணும்னு இல்லயே. கொஞ்சம் லேட்டானாலும் பரவால்ல," என்றாள். போன வாரம் அதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்க வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். நான் உட்காரவில்லை. வாசலுக்கும் மேஜைக்கும் நடந்தேன். ஷாஜன் எங்கேயோ போய் இரண்டு சாயா வாங்கிக்கொண்டு வந்தான். "வலிச்சுதா?" என்று கேட்டான். "ரெண்டு நாளு கடுத்துது. பின்ன ஒண்ணுமில்ல," என்றேன். மேலே கேட்க அவனுக்கு இன்னும் நிறைய இருந்தது என்று முகத்திலேயே தெரிந்தது.

பதினொன்றே காலுக்குக் கூப்பிட்டார்கள். ஒன்று இரண்டு அணு இன்னும் தெரிகிறது, பயப்பட வேண்டாம், சிலருக்குக் கூடுதல் நாள் ஆகும், ஒரு மாதம் கழித்து வாருங்கள், அதுவரை பாதுகாப்பு வேண்டும் என்றாள் அந்தப் பெண். தாளை வாங்கி மடித்தேன். சுஜிக்கு என்ன சொல்வேன்? மறுபடியும் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கப் போகிறாள். மூன்று மாதமாக அவள் முகத்தில் வந்த வெளிச்சம் இந்த ஒரு தாளில் போய்விடும். லேபுக்கு வெளியே, ஷாஜனுக்கு நாலடி தள்ளி நின்று போன் போட்டேன்.

உள்ளதைச் சொன்னேன்.

"சுஜி... கேக்குதா?"

"கேக்குது. இதுக்கா இப்பிடி அழப் போற மாதிரி பேசுதிய?"

"ஒனக்குப் பயமில்லியா?"

"இருந்துது. எப்பப் போச்சுன்னு தெரியல. இப்ப நிங்க சொன்ன ஒடனே நெஞ்சுல கை வச்சுப் பாத்தேன். ஒண்ணும் செய்யல." குரல் இறங்கியது. "ரிப்போர்ட்டு அடுத்த மாசம் வரட்டு. அத்தை பிள்ளையளையும் கூட்டிட்டு குமாரகோவிலுக்குப் போயிருக்காவ. வர மூணு மணி ஆவும்."

"அதுக்கு?"

"அதுக்கென்னவா? பதினோரு மணிக்கு அங்க நின்னு என்ன செய்யப் போறிய? வாங்க."

வாங்க. கடைக்குப் போய்விட்டு வாங்க, சாப்பிட வாங்க என்று தினமும் சொல்கிறவள்தான். ஆனால் இந்த 'வாங்க'வை ஒன்பது வருஷத்தில் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. எப்போதும் நான்தான் போவேன், அவள் தாங்கிக்கொள்வாள். தாளைப் பனியனுக்குள்ளா பையிலா எங்கே வைத்தேன் என்றுகூட நினைவில்லை, பைக் சாவியைத் தேடினேன்.

ஷாஜன் பக்கத்தில் வந்து நின்றான். கண்ணில் பயம். "தங்கச்சி என்ன சொன்னா? அழுதாளா?"

அண்ணன்காரனிடம் என்னவென்று சொல்வது?

"சோறு ஆறுதாம். ஒடனே வரச் சொன்னா."

அவன் கையிலிருந்த வாட்சைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு மெல்ல மெல்ல ஏறுவதைப் பார்க்க எனக்கு வெட்கமாகிவிட்டது. "போ அளியா, போ," என்று மச்சான் முறை சொல்லிக் கூப்பிட்டு, அவனே என் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கித் தந்தான்.