அணைய மறுத்த மினுக்கம்

ஆய்வகத்தில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். திரி கிள்ள வேண்டாம், பக்கத்தில் போய் நின்றாலே வெடிப்பாள். ஒரு வாரமாகக் கால் தரையில் பாவவில்லை.

மைக்ரோஸ்கோப்பின் அடியில், சின்னத் தட்டில், இதயத் தசை செல்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் வலை மாதிரி ஒரு கிடங்கு. அதில் கால்சியம். லேசாக மின்சாரம் தட்டினால் கிடங்கு திறந்து கால்சியம் குபுகுபுவென்று வெளியே பாயும், செல் சுருங்கும். அதை மறுபடி வாரி உள்ளே போடக் குட்டிக் குட்டிப் பம்புகள் உண்டு. அவை வேலையை முடித்தால்தான் செல் தளரும். வெளியே வரும் கால்சியம் ஒளிரும்படி சாயம் போட்டிருந்தாள். மினுக், அணை. மினுக், அணை.

புது மருந்து போட்ட செல்களில் மட்டும் மினுக்கம் லேசில் அணையவில்லை. விடைபெற்ற பிறகும் வாசலில் நின்று பேசும் விருந்தாளி மாதிரி இழுத்தது. மருந்து பம்பை மந்தமாக்குகிறது! காலையில் மருந்தில்லாத செல்கள், மதியம் மருந்து போட்டவை. ஒரு வாரமாக இதே முடிவு.

டீ நேரம் முடிந்ததும் பேராசிரியர் வந்து பார்ப்பார். தலையாட்டிவிட்டால் மாநாட்டு மேடை அவளுக்கு.

"அக்கா, ஓடி வாயேன்! எப்படி இழுக்குது பாரு!"

சீனியர் அக்கா கையைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். "ரூமாடி இது, ஐஸ் பெட்டி! மடக்கின விரலை நீட்ட முடியல."

"ஏசி கம்ப்யூட்டருக்காக."

"அப்ப உன் செல்லுங்க நடுங்காதா?"

"அதுங்களுக்குத்தான் அடியில ஹீட்டர் இருக்கே."

அக்கா தட்டு வைத்திருந்த இரும்பைத் தொட்டாள். "இதுவா ஹீட்டர்? இதுல ஐஸ்க்ரீம் வைக்கலாம்டி."

பட்டாசு தானும் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்தால் பம்ப் மந்தமாகும். முதல் வருடப் பாடம்! மேஜைக்கு அடியில் புகுந்தாள். ஹீட்டரின் ப்ளக் தரையில் கிடந்தது. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சார்ஜர்.

"எந்த மடையன்டா இது? கையில கிடைச்சான்னா தோலை உரிச்சிருவேன்!"

சார்ஜர் ஒயரைப் பிடித்துக்கொண்டே மேலே வந்தாள். மறுமுனையில் அவளுடைய போன்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "உரி, பாக்கறேன்."

விஷயம் இதுதான். தினமும் சாப்பிட்டதும் அம்மாவுக்குப் போன் போட்டுக் கண்டுபிடிப்பைப் பற்றி அளப்பாள். பழைய போன், சார்ஜ் இறங்கிப் படுத்துவிடும். கைக்கு வந்த ப்ளக்கைப் பிடுங்கிச் சார்ஜரைச் சொருகுவாள். கிளம்பும்போது நல்ல பிள்ளையாக அந்த ப்ளக்கைத் திரும்ப மாட்டிவிட்டுப் போவாள். அது மேஜை விளக்கின் ப்ளக் என்றே நினைத்திருந்தாள்.

ஹீட்டரை மாட்டினாள். தட்டு சூடேறியதும் மருந்து போட்ட செல்லை மின்சாரத்தால் தட்டினாள். மினுக், அணை. கால்சியம் சமர்த்தாக வீட்டுக்குள் போய்விட்டது.

வெளியே பேராசிரியரின் செருப்புச் சத்தம்.

"என்னடி பண்ணப் போற? நேத்து எடுத்த படம் இருக்கில்ல?" என்று கிசுகிசுத்தாள் அக்கா.

கம்ப்யூட்டரில் ஒரு வாரப் படங்களும் வரிசையாக இருந்தன. ஒன்றைச் சொடுக்கினால் போதும். விரல் அங்கேயே நின்றது.

கதவு திறந்தது. "எங்கம்மா உன் அதிசயம்?"

"அதிசயம் இல்ல மேடம். குளிர்." சார்ஜரைத் தூக்கிக் காட்டினாள். "ஹீட்டரைப் பிடுங்கினது நான்தான்."

அவர் சார்ஜரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். உதடு துடித்தது, சிரிப்பை விழுங்கிக்கொண்டார். "மாநாடு இந்தத் தடவை இல்ல. ஒரு வார வேலையையும் முதல்லேர்ந்து எடு."

அவர் போனதும் போன் அடித்தது. அம்மா.

"என்னடி ஆச்சு? தலையாட்டினாங்களா?"

"ஆட்டினாங்கம்மா. இந்தப் பக்கம், அந்தப் பக்கம்."

"ஐயையோ! நம்ம தையல் கடைக்கு வர்ற அத்தனை பேர்கிட்டயும் சொல்லிட்டேனேடி! அளவு எடுக்கும்போதே சொன்னேன்! இப்ப அவங்ககிட்ட என்னன்னு..."

சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தது. பட்டாசு ஹீட்டர் ப்ளக்கைப் பார்த்தாள். போனைப் பைக்குள் போட்டுவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள்.