தண்டபாணியின் கீழ்ப்பாதி

பாதி வேலை அலுவலகத்தில், பாதி வேலை வீட்டில் என்று கம்பெனியில் விதி வந்த நாளிலிருந்து தண்டபாணி இடுப்புக்குக் கீழே அலுவலகம் போய்வருகிறார், இடுப்புக்கு மேலே வீட்டில் இருக்கிறார். சரவணம்பட்டியில் அந்தக் கம்பெனிக் கட்டடத்தில் எல்லாருமே அப்படித்தான். நாற்காலியில் உட்கார முகம் எதற்கு? வீடியோ மீட்டிங்கில் முகம் காட்டக் கால் எதற்கு?

காலை எட்டரைக்குக் கால்கள் பேண்ட் மாட்டி, பெல்ட்டில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு சிங்காநல்லூர் பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பும். கண்டக்டர் அரை டிக்கெட் கிழித்து பெல்ட்டில் செருகுவார். மனைவி சுகுணா மேல்பாதியைத் தூக்கிச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப் முன்னால் வைத்துவிட்டு, தன் தையல் கடையைத் திறக்கப் போவாள். ஒரே ஒரு தொல்லைதான். அலுவலகத்தில் யாராவது ஏசியைக் கூட்டினால் வீட்டில் இவருக்குத் தும்மல் வரும்.

மகள் நிறைமதி மூன்றாம் வகுப்பு. அவள் பள்ளி விளையாட்டு விழாவில் அப்பாவும் பிள்ளையும் ஓடுகிற மூன்று கால் ஓட்டம் உண்டு. அப்பாவின் வலது காலையும் பிள்ளையின் இடது காலையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். போன வருஷம் அப்பாவின் கால் கிடைக்காமல், ஓடியவர்களுடைய தண்ணீர் பாட்டில்களுக்கு அவள் காவல் நின்றாள். வீட்டுக்கு வந்து, ஒரு பாட்டில்கூடத் தொலையவில்லை என்று சொன்னாள். அழுதிருந்தால்கூடத் தண்டபாணிக்குத் தேவலையாக இருந்திருக்கும். இந்த வருஷம் ஒரு வாரமாக நாற்காலிக் காலோடு தன் காலைக் கட்டி, வீடு முழுக்க அதை இழுத்துக்கொண்டு பழகினாள்.

“அப்பா, புதன்கிழமை வந்துருவீங்கல்ல?”

“எந்தப் பாதி சாமி வேணும்?”

“கீழ்ப்பாதி போதுங்கப்பா.”

மேனேஜர் ஹேமலதாவிடம் கேட்டார். திரையில் அவர் உதட்டைப் பிதுக்கினார். “அன்னிக்குப் புது சாஃப்ட்வேர் ரிலீஸுங்க தண்டபாணி. லீவு யாருக்கும் கிடையாதுங்க.”

“கால் மட்டுந்தான் மேடம். மத்தியானம் வரைக்கும்.”

ஹேமலதா விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “உங்க சீட்டுல ஒரு பாதி இருக்கோணும்னுதானுங்க போட்டிருக்கு. எந்தப் பாதின்னு போடலைங்க.”

ஆக, புதன்கிழமை சுகுணா மேல்பாதியை ஆட்டோவில் ஏற்றி, சரியாமல் இருக்கத் துப்பட்டாவால் கட்டி அனுப்பினாள். கால்கள் நிறைமதியோடு பள்ளிக்கு நடந்தன.

தண்டபாணி தன் சீட்டை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தார். மேசைக்கடியில் கால்கள் ஒரு பழைய செருப்பும் ஒரு கோணிப்பைக் கால்மிதியும் போட்டு வைத்திருந்தன. சுற்றிலும் நாற்பது ஜோடிக் கால்கள் அமைதியாக உட்கார்ந்திருந்தன. பக்கத்து சீட்டுக் கால் இவர் நாற்காலியை நட்பாக ஓர் உதை விட்டது. இத்தனை நாள் மத்தியானத்தில் முழங்கால் ஏன் அதிர்ந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

பதினோரு மணிக்கு ரிலீஸ் மீட்டிங் நடுவில் வலது கணுக்கால் இறுகியது. கட்டிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது.

“எப்படிப் போகுதுங்க தண்டபாணி?”

“பாதி தூரம் போயாச்சுங்க மேடம்.”

சட்டென்று இடது முட்டி எரிந்தது. விழுந்துவிட்டார்கள். தண்டபாணிக்குக் கண் கலங்கிவிட்டது, கேமராவை அணைத்தார். பிறகு ஒரு சின்னக் கால் தன் வலது காலை வெடுக்கென்று இழுப்பது தெரிந்தது. இழுத்து, எழுப்பி, ஓடியது. மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு இருந்த இடத்திலேயே வியர்த்துக் கொட்டியது.

சாயங்காலம் இரண்டு பாதியும் வீட்டில் ஒன்றுசேர்ந்தன.

“நாலாவதுங்கப்பா!” என்றாள் நிறைமதி.

“எத்தனை பேருல?”

“அஞ்சு!” தலைகால் புரியாத சந்தோஷம். அப்பா காலோடு போட்ட கட்டை மட்டும் அவிழ்க்க விடவில்லை. அப்படியே தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை எட்டரைக்குக் கால்கள் வழக்கம்போல் கிளம்பிப் போயின. மூன்றும். சுகுணா சின்னக் காலுக்குப் பள்ளி ஷூவை மாட்டி அனுப்பியிருந்தாள். நிறைமதி மிச்சக் காலால் நொண்டியபடியே பள்ளிக்குப் போனாள். டீச்சர் பாதி வருகை போட்டார்.

அன்று மீட்டிங் முடிகிறவரை தண்டபாணி சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே, தன் வலது காலை ஒட்டி அந்தச் சின்னக் கால் ஆடிக்கொண்டிருப்பதை உணர்ந்தார். ஏசியைக் கூட்டினார்கள், ஆனாலும் தும்மல் வரவில்லை. வேலையில் சேர்ந்த பதினாலு வருஷத்தில் இவ்வளவு நல்ல மீட்டிங் அவருக்கு வாய்த்ததில்லை.

சாயங்காலம் மூன்று கால்களும் ஒரே நடையாக வந்து சேர்ந்தன. சின்னக் கணுக்காலில் புது அடையாள அட்டை தொங்கியது. நிறைமதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அப்பா, நாளைக்கும் போகட்டுங்களா?”

“நாளைக்கு உனக்குப் பரீட்சை கண்ணு.”

“பரீட்சைக்கு இடது கால் எதுக்குங்கப்பா?”

அதுவும் சரிதான். சுகுணா மூன்று சாக்ஸ் துவைத்துக் காயப்போட்டாள்.