பிரிக்காத பெட்டி

பிற்பகலில் லோர்னா மேசை இழுப்பறையைத் திறந்தது ஒரு ஸ்க்ரூடிரைவருக்காக. கண்ணில் பட்டதோ, தோட்டாவின் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கேப்புகளின் பெட்டி. சாதா கேப்பு, கடைசிப் பெட்டி. ஒட்டிய முத்திரை ஒட்டியபடியே இருந்தது.

அதை முந்தாநாளே பிரித்துவிட்டதாக அவள் சத்தியமே செய்திருப்பாள். தம்பி வெண்டலுக்காகத் தன் கையால் செய்த இருபது தோட்டாக்களின் அடியில் பதித்தது அந்தக் கேப்புகளைத்தான் என்று நினைத்திருந்தாள். பெட்டியைப் பிரிக்கவில்லை என்றால், அன்று தட்டில் கிடந்தவை அதற்கு முதல் நாள் மிச்சம் வைத்த மேக்னம் கேப்புகள்.

இரண்டு வருடமாகக் கடைகளில் சாதா கேப்புக்குப் பஞ்சம். வயோமிங்கில் பாதிப் பேர் கிடைத்த மேக்னத்தை வைத்துத்தான் காலம் தள்ளினார்கள். தள்ளலாம், தப்பில்லை. ஆனால் மேக்னத்தின் நெருப்பு பெரிது. அதைப் போட்டால் மருந்தைக் குறைத்துக்கொண்டு, அடியிலிருந்து படிப்படியாகச் சுட்டுப் பார்த்துத்தான் ஏற வேண்டும். தன் தோட்டாக்களுக்கு லோர்னா அப்படித்தான் செய்தாள். வெண்டலுடையதற்கோ, சாதா கேப்பு என்று நம்பி, அந்தத் துப்பாக்கி தாங்கும் உச்ச அளவு மருந்தைக் கொட்டியிருந்தாள். அதோடு மேக்னமும் சேர்ந்தால் துப்பாக்கியே முகத்தில் வெடிக்கலாம். மேசை மேல் ஒரு நேரத்தில் ஒரே வகைக் கேப்பு, மிச்சம் உடனே அதனதன் பெட்டிக்கு. துப்பாக்கி கிளப்பில் எல்லோருக்கும் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தவள் அவள். ஊருக்குத்தான் உபதேசம்.

வெண்டல் விடியும் முன்பே ஓடைப் பக்கம் போய்விட்டான். பத்தொன்பது வருடம் விண்ணப்பம் போட்டு, இந்த வருடம்தான் குலுக்கலில் அவனுக்கு மூஸ் மான் வேட்டைக்கு அனுமதி விழுந்தது. அவன் ஆயுசுக்கு அது ஒரு தடவைதான். இன்று கடைசி நாள். அங்கே போனும் எடுக்காது.

அலமாரியிலிருந்து போன வருடத்துத் தோட்டாப் பெட்டி ஒன்றை வாரிக்கொண்டு வண்டிக்கு ஓடினாள். நாற்பது நிமிடப் பாதை. வெண்டல் குறி பார்க்கும்போது கன்னத்தைத் துப்பாக்கியோடு ஒட்டி வைப்பான். அந்தக் கன்னத்துக்கும் தோட்டா வெடிக்கும் இடத்துக்கும் நாலு விரல்கடை தூரம் கூட இருக்காது. அவன் வலக்கண்ணைத் தவிர வேறெதையும் அவளால் நினைக்க முடியவில்லை.

பாதை முடிவில் அவன் வண்டி நின்றது. பைனாகுலரை எடுத்தாள். மேட்டுப் பாறை மேல் ஆரஞ்சு உடுப்பு, குப்புறப் படுத்த உடம்பு. கீழே சதுப்புப் புல்வெளியில், புதர் ஒன்றை மேய்ந்தபடி பெரிய ஆண் மூஸ்.

கத்தினாள். எதிர்க்காற்று குரலைத் தின்றது. ஹாரனை அமுக்கினாள். மூஸ் தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது. அந்த ஊர் மூஸுக்கு வண்டிகள் என்றால் இளப்பம். வெண்டல் திரும்பி, போய்த்தொலை என்று கையை வீசினான். பிறகு கன்னத்தைத் துப்பாக்கியில் வைத்தான்.

துப்பாக்கிக்குக் குறுக்கே போகக் கூடாது என்பது அங்கே நடக்கப் பழகும் குழந்தைக்கும் தெரியும். லோர்னா ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் வண்டியைப் புல்வெளிக்குள் விட்டாள். அவனுக்கும் மூஸுக்கும் நடுவே முன் சக்கரங்கள் சேற்றில் இறங்கி வண்டி நின்றது. மூஸ் அவசரப்படாமல் மரங்களுக்குள் போய் மறைந்தது.

வெண்டல் மேட்டிலிருந்து கத்திக்கொண்டே இறங்கி வந்தான்.

“பைத்தியமா புடிச்சிருக்கு உனக்கு? சுட்டிருந்தா உன் மண்ட போயிருக்கும்!”

“சுடலல்ல? தோட்டாவ வெளிய எடு. மொதல்ல எடு!”

“பத்தொம்போது வருஷம்க்கா! விரலு விசை மேல இருந்துச்சு!”

“தெரியும்டா. உன் தோட்டால மேக்னம் கேப்ப வெச்சுத் தொலச்சுட்டேன். மருந்து முழு அளவு.”

வெண்டல் தோட்டாக்களை உருவிக்கொண்டே சிரித்தான். எரிச்சல் சிரிப்பு.

“ஒரு துக்குணூண்டு கேப்புக்கா இந்தக் கூத்து? காலைல ஒண்ணு பாறை மேல சுட்டுப் பாத்தேனே. ஒண்ணும் ஆவலியே.”

“சுட்டப்புறம் கூட்ட வெளிய எடுக்க போல்ட்ட இழுத்தியே, சுலுவா தெறந்துச்சா?”

அவன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான்.

“இறுக்கமாத்தான் இருந்துச்சு. உள்ளங்கையால தட்டித் தெறந்தேன். குளிருன்னு நெனச்சேன்.”

“வெறுங்கூடு எங்க?”

மறுபடி நிரப்பலாம் என்பதால், தோட்டா செய்கிற வீட்டில் யாரும் கூட்டைக் காட்டில் விட்டு வரமாட்டார்கள். அவன் கால்சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். கேப்பு நசுங்கி, விளிம்பே தெரியாமல் பரவியிருந்தது. நடுவில் ஊசி முனை அளவு ஓட்டை, அதைச் சுற்றிக் கரி. அந்த ஓட்டை வழியாகத்தான் நெருப்பு அவன் முகத்துப் பக்கம் வந்திருக்கிறது.

“காலைல குளிரு இருந்துச்சு. மிச்சத்தையெல்லாம் எங்க வெச்சிருந்த?”

“வண்டில. முன் கண்ணாடிக்கிட்ட.”

“வெயில்ல.”

“ம்.”

சூடேறிய மருந்து இன்னும் கோபமாக எரியும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். வெண்டல் வண்டிப் படியில் உட்கார்ந்தான். வலக்கண்ணைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டான். லோர்னாவுக்கு அவனைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும், அறைய வேண்டும் போலவும் இருந்தது. யாரை அறைவது?

கொஞ்ச நேரம் கழித்து அவன் மரங்களைப் பார்த்தான்.

“இன்னும் ரெண்டு மணி நேரம் வெளிச்சமிருக்கு. ரொம்ப தூரம் போயிருக்காது. வேற தோட்டா கொண்டாந்தியா?”

அவள் போன வருடத்துப் பெட்டியை நீட்டினாள். அவன் தன் பெட்டியையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். இரண்டிலும் ஒட்டு நாடா, இரண்டிலும் லோர்னாவின் உருண்டைக் கையெழுத்து: சாதா கேப்பு, முழு அளவு. தேதி மட்டும்தான் வேறு.

“அக்கா, இது சரியா இருக்குமா?”

இத்தனை வருடத்தில் அவன் அதைக் கேட்டதே இல்லை. அவள் கொடுத்ததைக் கேள்வியில்லாமல் போட்டுச் சுட்டிருக்கிறான். போன வருடமும் அதே மேசை, அதே தட்டு. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பத்தொன்பது வருடம் அவனுக்குத் திரும்பக் கிடைத்துவிடும்.

“தெரியலடா,” என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

வெண்டல் இரண்டு பெட்டிகளையும் மூடினான்.

“சரி, அழாத. என் வண்டில சங்கிலி இருக்கு. மொதல்ல உன்ன சேத்துலேர்ந்து இழுப்போம்.”

மரங்களுக்குள் எங்கோ ஒரு கிளை முறிந்தது. வெண்டல் நின்று கேட்டான். பிறகு சங்கிலி எடுக்க நடந்தான்.