மனு கொடுக்கக் கடைசி நாள்

என் வீட்டுக்காரரை, பிழைக்க வந்த இந்த நாட்டில் உள்ள நம் ஆட்கள் எல்லோரும் தலைவர் என்பார்கள். ஃபாரம் நிரப்புவதில் ஆள் புலி. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடியுரிமை, எதுவானாலும் சனிக்கிழமை நூலகத்துப் பின்னறையில் அவர் முன்னால் கூட்டம் நிற்கும். அந்த அறையை மூடப்போவதாக நகரசபை சொன்னதும், "உள்ள போய்ப் பேச நமக்கொரு ஆள் வேணும். தேர்தல்ல நீங்களே நில்லுங்க தலைவரே" என்று சலூன்காரர் கிளப்பிவிட்டார். இவரும் தலையாட்டிவிட்டார்.

கடைசி நாள் பார்த்து, மாலை நான்கு மணிக்கு வேட்புமனுவோடு போய் நின்றோம். கவுன்டரில் இருந்த பெண் தாள்களைப் புரட்டிவிட்டு, "குடியுரிமைச் சான்றிதழ்?" என்றாள். இவர் பையைக் குடைந்தார். அதில் ஊரே இருந்தது. சலூன்காரர், அவர் மச்சினி, நான், எல்லோருடைய நகலும் இருந்தது. இவருடையது மட்டும் இல்லை.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பதினோரு வருடத்துக்கு முன்பு, குடியுரிமைக்கான உறுதிமொழி எடுக்க வேண்டிய நாளில், யாரோ ஒரு பெண்ணின் பிரசவத்துக்கு மொழிபெயர்க்கப் போயிருக்கிறார் மனுஷன். வேறு தேதி கேட்டு எழுதியதோடு சரி, அடியோடு மறந்துவிட்டார்.

"அடுத்தவங்க ஃபாரத்துல ஒரு கட்டத்தை விட்டா என்ன குதி குதிப்பீங்க" என்று பிடித்தேன். இன்னும் நிறைய வைத்திருந்தேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"அந்த ரூம் போயிடுமே" என்றார்.

தான் நிற்க முடியாமல் போனது பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"பையில என்னோடது இருக்குல்ல? நான் நிக்கிறேன். புது ஃபாரம் வாங்கி எழுதுங்க."

"நீயா?"

"ஏன், உங்களைத் திட்டுற வாய் சபையில பேசாதா?"

இவரை முன்மொழிய எங்களோடு வந்திருந்த பத்துப் பேரும் மறுபடி கையெழுத்துப் போட்டார்கள். இவர் மளமளவென்று எழுதிக்கொண்டே போய், 'பொதுச்சேவை அனுபவம்' என்ற இடத்தில் நின்றார்.

"கோடு போட்டு விடுங்க. நான் என்னத்தைப் பண்ணினேன்?" என்றேன்.

அவர் எழுதி முடித்து, தாளை என் பக்கம் தள்ளினார்.

'இங்கே யாரையும் தெரியாமல் வந்திறங்கிய முப்பத்தெட்டுக் குடும்பங்களுக்கு முதல் சாப்பாடு போட்டவர் இவர். ஃபாரமெல்லாம் அதற்குப் பிறகுதான்.'

இத்தனை வருடமாக எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். திட்டுவதற்கு வாய் வரவில்லை. கையெழுத்தைப் போட்டேன்.