நடுவில் செருகிய படங்கள்

1
இந்தக் கதை என்னுடையதில்லை. கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு என்னைக் கண்ணை மூடி உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு பெண் தன் தோழியிடம் சொன்னது காதில் விழுந்தது. எனக்குக் கதை என்றாலே பேச்சுத்தான். முகமெல்லாம் நானாகப் போட்டுக்கொள்வது.

‘மழை விடாமல் கொட்டிய ஒரு மாலையில் அவள்’

வேண்டாம். மழையைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

2
அவள் மருந்துக்கடைக்காரி. தம்பி வெளியூரில் இருக்கிறான். எப்போது கேட்டாலும் “அம்மா நல்லா இருக்காங்கடா” என்றே சொல்லி வந்தவள், அம்மாவின் ஆபரேஷனை முடிந்த பிறகுதான் அவனிடம் சொன்னாள். அந்தக் கோபத்தில் அவன் எட்டு மாதமாகப் பேசவில்லை.

பிறகு ஒருநாள் அவனிடமிருந்து ஒரு கம்ப்யூட்டர் கேமுக்கு அழைப்பு வந்தது. அழைப்பு மட்டும்தான், ஒரு வார்த்தை கிடையாது. ஒரே கயிற்றில் இரண்டு பேர் மலை ஏற வேண்டும். ஒருவர் விழுந்தால் மற்றவரும் காலி.

அவள் லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. படம் நொண்டியது.

“நகரு, நான் பாக்குறேன்” என்றார் கணவர்.

(இவரை முதலில் அசடாக எழுதி, அடித்துவிட்டேன். இவர் கை வைக்காவிட்டால் கதையே இல்லை.)

அப்ஸ்கேலிங் போட்டார்: லேப்டாப் படத்தைச் சின்னதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டும். ஃபிரேம் ஜெனரேஷனும் போட்டார்: இரண்டு நிஜப் படங்களுக்கு நடுவே ஒன்றை அதுவே ஊகித்துச் செருகும்.

“நொடிக்கு இருபத்தஞ்சு படம் ஐம்பதாயிடுச்சு பாத்தியா!”

படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அவளோ பதினோரு தடவை விழுந்தாள், தம்பியையும் இழுத்துக்கொண்டு.

3
ஹெட்போனில் அவன் குரல்:

“என்னக்கா, தூங்கிக்கிட்டே தாவுறியா?”

எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை அது.

“சரியாத்தான்டா அமுக்குறேன். ஐம்பது காட்டுது.”

“ஃபிரேம் ஜெனரேஷன் போட்டிருக்கியா?”

“உன் மாமாதான் போட்டாரு.”

“அதான் பாத்தேன். பாதிப் படம் லேப்டாப்போட ஊகம்க்கா, அதுல உன் கை இல்ல. பாக்க வழவழன்னு இருக்கும், நீ அமுக்குனது லேட்டாத்தான் போய்ச் சேரும். அதை எடு. அப்ஸ்கேலிங் இருக்கட்டும், படத்தை இன்னும் சின்னதாக்கு.”

செய்தாள்.

“டேய், உன் பொம்மை மூஞ்சி நனைஞ்ச காகிதம் மாதிரி இருக்கு.”

“முன்னாடி மட்டும் என்ன வாழ்ந்துச்சு? தாவு!”

தாவினாள். கயிறு இழுபட்டது, விழாமல் நின்றாள்.

4
முடிவு ஒன்று: உச்சியில் சூரியன் உதிக்க இருவரும்

சே.

முடிவு இரண்டு: தம்பி மன்னிப்புக் கேட்கிறான். (எந்தத் தம்பி கேட்டிருக்கிறான்?)

நடந்தது இதுதான். மேலே போய் நின்றதும் அவன் சொன்னானாம்:

“அம்மா எப்படி இருக்காங்க? நல்லா இருக்காங்கன்னு மட்டும் சொல்லாதக்கா.”

“கேட்டானேடி, அதுக்கே கும்பிடணும்” என்றாள் தோழியிடம். அரைமணி நேரம் அந்த இரண்டு பொம்மைகளும் மலைமேல் அசையாமல் நின்றனவாம். தம்பியிடம் என்ன சொன்னாள் என்பதைக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். நான் காதைத் திருப்பிக்கொண்டேன்.

ஊகித்து எழுதத் தெரியும் எனக்கு. மாட்டேன். அந்த அரைமணி நேரம் உங்களுக்கு. அவள் வாயில் எதை வேண்டுமானாலும் வையுங்கள், அவன் வேண்டாமென்ற அந்த ஒரு வரியைத் தவிர.