பதினாலரை கால்சியம்

இதனால் சகலருக்கும் தெரிவிப்பது யாதெனில், பெரிய டாக்டர் ஒரு கழுத்தைத் தொட்டுப் பார்த்துத் தைராய்டு என்று சொல்லிவிட்டால், அதன்பின் அந்தக் கழுத்துக்கு வேறு நோய் வர அனுமதி கிடையாது.

அன்று அவர் தொட்டது தம்பியின் கழுத்தை. அக்கா அதே ஆஸ்பத்திரி லேபில் பதினெட்டு வருடமாக ரத்தம் சோதிப்பவள். காலையில் பல் தேய்க்கும்போது, அடிபடாமல் கொள்ளாமல், அவன் கழுத்து திடீரென்று வீங்கி, நெஞ்சுவரை கத்தரிக்காய் நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது.

"யாருடா நெரிச்சது? உன் பொண்டாட்டியா?"

"அவளுக்கு ஏதுக்கா நேரம்?" என்றான், கம்மிய குரலில். "நீதான் சின்ன வயசுலேர்ந்து முயற்சி பண்றே."

பெரிய டாக்டர் தீர்ப்பளித்தார்: "தைராய்டு கட்டிக்குள்ள ரத்தக் கசிவு. தானா வத்திடும். சாதாரண வார்டுல போடுங்க."

ஏற்கெனவே இரண்டு முறை சிறுநீரகக் கல் வந்தவன் என்பதால், யாரும் கேட்காமலே அக்கா கால்சியமும் பார்த்தாள். பதினாலரை. பத்தரையைத் தாண்டினாலே யோசிக்க வேண்டும். தைராய்டு கட்டி இப்படி ஏற்றாது. தைராய்டின் முதுகில் ஒட்டிக்கிடக்கும் பாராதைராய்டு சுரப்பியில் கட்டி வந்தால் ஏறும். அது உடைந்து கசிந்தால் மூச்சுக்குழாய் நெருக்கப்படும். ஆளை விட்டு நகரக் கூடாது.

பெரிய டாக்டரிடம் சொல்லப் போனை எடுத்தாள். வைத்தாள். போன வருடம் இப்படி ஓர் எண்ணைச் சொன்னபோது, "முதல்ல மெஷினை ரிப்பேர் பண்ணும்மா, அப்புறம் எனக்குப் பாடம் எடு" என்று பத்துப் பேர் முன்னால் சொல்லியிருந்தார் பெரிய டாக்டர். அன்றிலிருந்து லேபில் ஒரு வழக்கம்: நம்ப முடியாத எண் வந்தால், ரத்தத்தை மெஷினில் மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பது. ஓட்டினாள். பதினாலரை. மெஷினைச் சரிபார்த்து மூன்றாம் முறையும் ஓட்டினாள். மெஷின் யாருக்கும் பயப்படவில்லை. முக்கால் மணி நேரம் போயிருந்தது.

காகிதங்களோடு வார்டுக்கு ஓடினாள். தம்பி படுக்க முடியாமல் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். காற்று மட்டும் வந்தது. மயக்க மருந்து டாக்டர் தொண்டைக்குள் குழாய் செருகப் பார்த்தார். வீக்கம் வழி விடவில்லை. கழுத்தில் துளை போட ஓடிவந்த பெரிய டாக்டர், அவள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"பாராதைராய்டு! நான் அப்பவே நினைச்சேன்."

பிறகு, மருத்துவர் கூட்டத்தில், இந்த அபூர்வமான நோயைத் தாம் கண்டுபிடித்த விதத்தைப் படம் போட்டு விளக்கினார். கைதட்டல் ஓய்ந்ததும் பின்வரிசையிலிருந்து யாரோ, நோயாளி இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

தம்பி இறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.